எல்லைக் கோட்டை நகர்த்தும் நேரம்

2024 ஜனவரி 9 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகளில் ஒன்று, விண்டோஸ் 10 ஓடும் பல கணினிகளில் ஏற மறுத்தது. திரையில் 80070643 என்று முடியும் ஒரு பிழை எண் வந்து நின்றது. அதற்கு மேல் விளக்கம் எதுவும் இல்லை. விண்டோஸ் கிளம்பாமல் போனால் பழுது பார்ப்பதற்கென்றே வட்டில் ஒரு சிறிய மீட்புப் பார்ட்டிஷன் ஒதுக்கப்பட்டிருக்கும். புதிய கோப்புகளை வைக்க அதில் இடம் போதவில்லை என்பதுதான் காரணம். விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கரின் பூட்டைத் தாண்டி உள்ளே நுழைய வழிவிட்ட ஓர் ஓட்டையை அடைப்பதற்காக வந்த புதுப்பிப்பு அது என்பதால், வேண்டாம் என்று தள்ளிவிடவும் முடியாது. கடைசியில் நிறுவனமே ஒரு வழிமுறையை வெளியிட்டது: விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனை 250 எம்பி சுருக்குங்கள், மீட்புப் பார்ட்டிஷனை அழியுங்கள், அதே இடத்தில் பெரிதாக ஒன்றை உருவாக்குங்கள். குடும்பப் படங்களும் வரவு செலவுக் கணக்கும் இருக்கிற வட்டின் எல்லைகளைக் கட்டளை தட்டச்சு செய்து மாற்றும்படி சாதாரணப் பயனரிடமே சொல்லப்பட்டது. எல்லையைத் தொட்டாலே எல்லாம் அழிந்துவிடும் என்று பயந்தவர்கள் அதைச் செய்யாமல் விட்டிருப்பார்கள். பயமே இல்லாதவர்கள் பேக்கப் எடுக்காமல் இறங்கியிருப்பார்கள். இரண்டுமே தேவையில்லை. எந்த வேலை ஆபத்தானது, எது அல்ல என்று தரம் பிரிக்க ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் வாதம்: இந்த நொடியில் மின்சாரம் நின்றுபோனால், வட்டில் எழுதியிருக்கும் விவரமும் வட்டில் கிடக்கும் தரவும் ஒன்றோடொன்று பொருந்துமா?

எல்லை என்று சொல்கிறோமே, அது வட்டில் எங்கே இருக்கிறது? தகட்டில் கோடு எதுவும் கீறப்படவில்லை. 1983 மார்ச்சில் ஐபிஎம் தன் பிசி எக்ஸ்டி கணினியைப் 10 எம்பி ஹார்ட் டிஸ்க்குடன் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, உடன் வந்த டாஸ் 2.0 ஒரு ஏற்பாட்டைச் செய்தது. வட்டின் முதல் செக்டரில் 512 பைட் உண்டு. அதில் முதல் 446 பைட், கணினியைக் கிளப்பும் சிறு நிரலுக்கு. அடுத்த 64 பைட்தான் பார்ட்டிஷன் அட்டவணை. கடைசி இரண்டு பைட் அடையாள முத்திரை. அந்த 64 பைட்டில் பதினாறு பதினாறாக நான்கு பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் நமக்கு முக்கியமானவை இரண்டு எண்கள்: பார்ட்டிஷன் எந்த செக்டரில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீள்கிறது. தலா நான்கே பைட். (நான்கு பைட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணுக்கு மேல் செக்டர்களைக் குறிக்க முடியாது என்பதால்தான் இந்த முறை 2 டெராபைட் அளவோடு நின்றுபோகிறது.) இன்றைய கணினிகளில் இருக்கும் ஜிபிடி அட்டவணை இதைவிடப் பெரியது. வழக்கமாக 128 பதிவுகள் வரை இடம் இருக்கும், பிழை கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண் இருக்கும், வட்டின் கடைசியில் முழு அட்டவணைக்கும் இன்னொரு நகல் இருக்கும். அளவு பெரிதானாலும் தன்மை மாறவில்லை. பல நூறு ஜிபி கொண்ட ஒரு பார்ட்டிஷன் 'அழிந்தது' என்று நாம் பதறும்போது, பெரும்பாலும் அழிந்திருப்பது சில பைட் எண்கள் மட்டுமே.

நிலத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். பட்டாவில் பரப்பளவைத் திருத்தி எழுதியதால் வயலில் நிற்கும் பயிர் நகர்ந்துவிடாது. ஆனால் வட்டில் பட்டா ஒன்றல்ல, இரண்டு. பார்ட்டிஷன் அட்டவணை சொல்லும் அளவு ஒன்று. அந்தப் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் கோப்பு முறைமை, அதாவது விண்டோஸில் என்டிஎஃப்எஸ், லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 போன்றது, தன் அளவைத் தானே தனியாகக் குறித்து வைத்திருக்கும். எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்ற கணக்கு முழுவதும் அதனிடம்தான். அந்தக் கணக்கும் பார்ட்டிஷனின் தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணப்படுகிறது. அளவு மாற்றும் வேலையில் இந்த இரண்டு விவரங்களும், சில நேரங்களில் தரவும் மாற வேண்டும். மூன்றையும் ஒரே நொடியில் மாற்றும் வழி கிடையாது. ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்றுதான் நடக்கும். இடைப்பட்ட அந்த நேரத்தில் வட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஆபத்து.

சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் வரிசை தலைகீழாக இருப்பது இதனால்தான். சுருக்கும்போது முதலில் கோப்பு முறைமை, பிறகு பார்ட்டிஷன். விரிக்கும்போது முதலில் பார்ட்டிஷன், பிறகு கோப்பு முறைமை. இரண்டிலும் நடுவில் நின்றுபோனால் கிடைப்பது ஒரே நிலை: பெரிய பார்ட்டிஷனுக்குள் சிறிய கோப்பு முறைமை. கொஞ்சம் இடம் வீணாகக் கிடக்கும், ஆனால் எல்லாக் கோப்பும் திறக்கும். வரிசை மாறினால் கோப்பு முறைமையின் வால், பார்ட்டிஷனின் எல்லையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வேண்டுமென்று யாரும் அப்படிச் செய்வதில்லை. அலகுக் குழப்பத்தால் அது நடந்துவிடுகிறது. லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 அளவை மாற்றும் கருவியிடம் 100 ஜி என்றால் அது 1024-இன் மடங்குகளில் கணக்கிடும். பார்ட்டிஷனை மாற்றும் பார்ட்டட் கருவியிடம் 100 ஜிபி என்றால் 1000-இன் மடங்குகளில் கணக்கிடும். இரண்டு இடத்திலும் நூறு என்று எழுதியவரின் பார்ட்டிஷன், உள்ளே இருக்கும் கோப்பு முறைமையைவிட ஏறக்குறைய 7.4 ஜிபி குட்டையாகிவிடும். இந்த நிலையில் லினக்ஸ் அதைத் திறக்க மறுக்கும், அந்த மறுப்பு நல்லதுதான். வால் பகுதியில் இருந்த தரவை இன்னும் யாரும் தொடவில்லை. அட்டவணையில் பழைய நீளத்தைத் திரும்ப எழுதினால் எல்லாம் முன்போல் வந்துவிடும். அந்த இடைவெளியில் இன்னொரு பார்ட்டிஷனை உருவாக்கி ஃபார்மேட் செய்தால் மட்டும் வராது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், கோப்பு முறைமையைத் தேவையைவிடச் சில ஜிபி கூடுதலாகச் சுருக்கி, பார்ட்டிஷனைக் குறித்த அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு கோப்பு முறைமையைப் பார்ட்டிஷன் நிறையும்வரை விரிக்கலாம். அனுபவமுள்ள நிர்வாகிகள் கடைப்பிடிக்கும் வழி இது.

சுருக்கும்போது தரவும் நகர்கிறதே, அது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். நகர்கிறதுதான். வெட்டப்போகும் வால் பகுதியில் இருக்கும் கோப்புத் துண்டுகளை முன்பக்கம் கொண்டுவர வேண்டும். ஆனால் விண்டோஸ் இதைக் கோப்பு முறைமையின் வழியாகவே செய்கிறது: ஒரு துண்டைப் புதிய இடத்தில் நகல் எடுக்கும், கணக்கில் முகவரியை மாற்றும், பிறகே பழைய இடத்தைக் காலி என்று குறிக்கும். எந்தக் கட்டத்தில் நின்றாலும் கணக்கு உண்மையைச் சொல்லும். ஆகவே தரவு நகர்வது மட்டுமே ஆபத்து ஆகாது. இப்படி நகர்த்த முடியாத சில கோப்புகளும் உண்டு. பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, பழைய நிலைகளைச் சேமிக்கும் நகல்கள் போன்றவை வட்டின் நடுவே உட்கார்ந்திருந்தால், 200 ஜிபி காலியாக இருந்தும் சிறிதளவே சுருக்க முடியும் என்று விண்டோஸ் சொல்லும். அதைப் பிடிவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, பாதுகாப்பாக நகர்த்த வழியில்லாததை அது நகர்த்துவதில்லை. ஜனவரி 2024 வழிமுறைக்கும் இதே கேள்வியை வைத்துப் பார்க்கலாம். சுருக்குவதற்கும் முன்பே, முதல் படியில் மீட்புச் சூழலை முடக்கும்போது, அதன் கோப்பு விண்டோஸ் பார்ட்டிஷனுக்குள் வந்துவிடுகிறது. அதாவது, அழிக்கப்போகும் பார்ட்டிஷனின் சரக்கு முன்கூட்டியே வேறு இடம் சேர்ந்துவிட்டது. பிறகு சுருக்குவது சி டிரைவின் வால் பக்கத்தை, தொடக்கத்தை அல்ல. மீட்புப் பார்ட்டிஷனை விண்டோஸ் பார்ட்டிஷனுக்கு அடுத்தபடியாக, வலப்பக்கத்தில் வையுங்கள் என்று கணினி தயாரிப்பாளர்களுக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பதும் இந்தக் காரணத்துக்காகவே.

தொடக்கத்தை நகர்த்துவதுதான் வேறு ரகம். இடப்பக்கம் 20 ஜிபி காலியாக இருக்கிறது, வலப்பக்கம் 300 ஜிபி பார்ட்டிஷன். காலி இடத்தை அதோடு சேர்க்க வேண்டும். திரையில் ஒரு பட்டையைச் சுட்டியால் இழுக்கும் வேலை, அவ்வளவுதான். ஆனால் கோப்பு முறைமையின் கணக்கு தொடக்கத்திலிருந்து எண்ணப்படுவதால், தொடக்கம் 20 ஜிபி இடப்பக்கம் போனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு செக்டரும் அதே 20 ஜிபி இடப்பக்கம் போக வேண்டும். ஒரே வட்டில் படித்து அதிலேயே எழுதும்போது நொடிக்கு 50 எம்பி வேகம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 300 ஜிபி நகர 100 நிமிடம் ஆகும். முதல் 20 ஜிபி நகர்ந்த பின், அந்த நூறு நிமிடத்தில் மீதி நேரம் முழுவதும் நம் கேள்விக்குப் பதில் 'பொருந்தாது' என்பதுதான். முன்பாதி புதிய இடத்தில் இருக்கும், பின்பாதி பழைய இடத்தில். பழைய தொடக்க எண்ணை எழுதினாலும் தவறு, புதிய எண்ணை எழுதினாலும் தவறு. முழு வட்டுக்கும் பொருந்துகிற ஒற்றை விவரம் என்று எதுவும் அப்போது கிடையாது.

அப்படி நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. எதற்கும் அஞ்சாமல் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமான ஒன்று தெரியும். நகல் எடுப்பது இடமிருந்து வலமாக நடக்கிறது. பழைய தொடக்கத்திலிருந்து 120 ஜிபி தொலைவு வரை நகல் முடிந்திருக்கிறது என்போம். புதிய நகல், பழைய கணக்கில் 100 ஜிபி புள்ளிவரை எழுதப்பட்டிருக்கும். 100-க்கும் 120-க்கும் இடையில் இருக்கும் பழைய தரவை இன்னும் எதுவும் மூடவில்லை. ஆகவே அந்த 20 ஜிபி தரவு வட்டில் இரண்டு இடங்களில் இருக்கிறது: நகர்ந்த இடத்திலும், பழைய இடத்திலும். ஒரு செக்டர்கூடத் தொலையவில்லை. தையல் எங்கே விழுந்தது என்பதுதான் தெரியாது. அதையும் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு செக்டரையும் அதிலிருந்து சரியாக 20 ஜிபி வலப்பக்கம் இருக்கும் செக்டரோடு ஒப்பிட்டுக்கொண்டே போனால், தொடர்ந்து 20 ஜிபி தூரத்துக்கு இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போகும் பகுதி ஒன்று வரும். இரண்டு நகல்களும் உள்ள அந்தப் பகுதிக்குள் எங்கே வெட்டி ஒட்டினாலும் முழுக் கோப்பு முறைமையும் திரும்பிவிடும். இதிலிருந்து எதிர்பாராத ஒரு முடிவும் வருகிறது: 20 ஜிபி நகர்த்துவதைவிட 1 எம்பி நகர்த்துவது ஆபத்தானது. 1 எம்பி மட்டும் நகர்த்தினால் இரட்டைப் பிரதியும் 1 எம்பிதான். இன்றைய ஹார்ட் டிஸ்குகளின் உள் நினைவகம் 64 எம்பி, 256 எம்பி என்று இருக்கிறது. மின்சாரம் போன நொடியில் அதில் எழுதப்படாமல் தங்கியிருந்த தரவு, அந்த 1 எம்பி மிச்சத்தை எளிதாக விழுங்கிவிடும்.

இவ்வளவு தெளிவாக மீட்கக்கூடிய வட்டு ஏன் பலரிடம் மீளாமல் போகிறது? கணினியை மறுபடி கிளப்பியதும் 'இந்த டிரைவில் பிழை இருக்கிறது, சரிசெய்யவா?' என்ற கேள்வி வரும். ஆம் என்று சொல்லிவிடுகிறோம். செக்டிஸ்க் போன்ற சரிபார்ப்பு நிரலுக்குப் பாதி வட்டு நகர்ந்திருக்கிறது என்று தெரியாது. தன் கணக்கில் குறித்த முகவரியில் வேறு ஏதோ இருப்பதைப் பார்க்கும். கணக்கு தவறு என்று முடிவு செய்து, அதைத் தரவுக்கு ஏற்பத் திருத்தும். சரியாக இருந்த ஒரே விவரமும் அங்கே போய்விடும். தோல்வி வட்டைச் சேதப்படுத்தவில்லை, அதற்குப் பிறகு நடந்த எழுத்துதான் சேதப்படுத்தியது. ஆகவே அளவு மாற்றம் பாதியில் நின்றால் அந்த வட்டில் ஒரு பைட்கூட எழுதக்கூடாது. சரிபார்ப்பு வேண்டாம், ஃபார்மேட் வேண்டாம், அந்த வட்டிலிருந்தே விண்டோஸைக் கிளப்பவும் வேண்டாம், ஏனென்றால் கிளம்பும்போதே அது எழுதத் தொடங்கிவிடும்.

இன்றைய கோப்பு முறைமைகளில் மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னல் இருக்கிறதே, மின்சாரம் போனாலும் அது காப்பாற்றாதா என்பது அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். ஜர்னல் காப்பது கோப்பு முறைமை தானே செய்யும் மாற்றங்களை. தொடக்கத்தை நகர்த்தும் கருவி கோப்பு முறைமைக்கு அடியில் வேலை செய்கிறது. ஜர்னலையும் சேர்த்தே தூக்கி நகர்த்துகிறது. அந்த வேலைக்கு ஜர்னலில் ஒரு வரியும் பதிவாகாது. இன்னொரு ஆட்சேபத்தில் நியாயம் அதிகம்: 1990-களில் பார்ட்டிஷன்மேஜிக் காலத்திலிருந்து 2004-இல் வந்த ஜிபார்ட்டட் வரை, கருவிகள் நன்றாகத் தேறிவிட்டன, லட்சக்கணக்கானவர்கள் சிக்கலின்றிப் பயன்படுத்துகிறார்கள், பிறகென்ன பயம் என்கிறார்கள். கருவிகள் நல்லவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வட்டின் உடல்நிலை கருவியின் கையில் இல்லை. தொடக்கத்தை நகர்த்தும் வேலை, சில ஆண்டுகளாக யாரும் படிக்காத மூலைகளையும் படிக்க வைக்கும். கெட்டுப்போய்க் காத்திருக்கும் செக்டர் ஒன்று அங்கே இருந்தால் நடு வேலையில்தான் தலைகாட்டும். வேலையைத் தொடங்குமுன் வட்டு தன் உடல்நிலையைப் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்ப்பது அதற்காகத்தான். மாற்றப்பட்ட செக்டர்கள், மாற்றத்துக்குக் காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு வரிகளில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் அந்த வட்டில் எதையும் நகர்த்தக்கூடாது. தரவை எடுத்துக்கொண்டு அதற்கு விடைகொடுக்க வேண்டும். லினக்ஸ்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. எல்விஎம் என்ற அடுக்கு, இடத்தை வழக்கமாக 4 எம்பி துண்டுகளாகப் பிரித்துப் பட்டியலிட்டு வைத்திருப்பதால் பக்கத்தில் காலி இடம் இருக்க வேண்டும் என்ற தேவையே இல்லாமல் செய்துவிடுகிறது. துண்டுகளை நகர்த்தும் வேலை பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் கேள்விக்கு 'பொருந்தும்' என்று பதில் வரும்படியே கட்டப்பட்ட ஏற்பாடு அது.

அட்டவணை மட்டும் அழிந்த கதைக்கு வருவோம். லினக்ஸில் தவறான வட்டின் அட்டவணையை அழித்துவிட்டதாக உணர்ந்தால், கணினியை அணைக்காமல் இருப்பது முதல் வேலை. பயன்பாட்டில் இருக்கும் பார்ட்டிஷன்களின் தொடக்கமும் நீளமும் கெர்னலின் நினைவில் இன்னும் இருக்கும், அவற்றைப் படித்துக் குறித்துக்கொள்ளலாம். அணைத்துவிட்டாலும் வழி உண்டு. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி, வட்டை முதலிலிருந்து படித்துக்கொண்டே போய், கோப்பு முறைமைகளின் தலைப்பகுதிகளைத் தேடும். கோப்பு முறைமை தன் அளவைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது என்று பார்த்தோமே, அந்த இரட்டைப் பதிவு இங்கே உதவிக்கு வருகிறது. தலைப்பகுதி கிடைத்த இடம் தொடக்கம், அதில் எழுதியிருப்பது நீளம், அட்டவணையை மறுபடி எழுதிவிடலாம். தலைப்பகுதியே சிதைந்திருந்தால் நகல்கள் உண்டு. என்டிஎஃப்எஸ் தன் முதல் செக்டரின் நகலைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் வைத்திருக்கும். 4096 பைட் தொகுதிகள் கொண்ட ஈஎக்ஸ்டி4, தன் தலைப்பகுதியின் நகல்களை 32768, 98304, 163840 என்ற எண்ணுள்ள தொகுதிகளிலும் இன்னும் சில இடங்களிலும் தூவி வைத்திருக்கும். எந்த மீட்பு முயற்சிக்கும் முன்னால் வட்டை முழுதாக வேறொரு வட்டுக்கு நகல் எடுத்துவிட்டு, நகலில் வேலை செய்வது நல்லது. வட்டு பழுதாகியிருந்தால் சாதாரண நகல் நிரல் போதாது. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ, எளிதாகப் படிக்க வரும் பகுதிகளை முதலில் வாரி எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களை ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் திரும்பி வரும். சாகக் கிடக்கும் வட்டில் எந்த வரிசையில் படிக்கிறோம் என்பதே எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கும்.

தரவு அங்கேயே கிடக்கிறது, மீட்டுவிடலாம் என்றால் பேக்கப் எதற்கு என்று வாசகர் கேட்டால், இதுவரை சொன்னதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். எஸ்எஸ்டியில் ட்ரிம் என்ற கட்டளை உண்டு. இந்த இடம் இனி காலி என்று இயங்குதளம் அறிவித்தால், எஸ்எஸ்டி அந்த இடத்தைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிடும். அதன்பின் படித்தால் பல எஸ்எஸ்டிகள் வெறும் பூஜ்யங்களையே தரும். லினக்ஸில் அட்டவணையின் ஒரு வரியை நீக்குவதால் மட்டும் ட்ரிம் போகாது. ஆனால் விண்டோஸில் வேக ஃபார்மேட் செய்தாலும், லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்தாலும் முழுப் பார்ட்டிஷனுக்கும் ட்ரிம் போய்விடும். ஹார்ட் டிஸ்க் காலத்தில் தவறி ஃபார்மேட் செய்துவிட்டாலும் பெரும்பகுதியை மீட்க முடிந்தது, இன்று சில நொடிகளில் அந்த வாய்ப்பு முடிந்துவிடுகிறது. அது போதாதென்று, விண்டோஸும் பல லினக்ஸ் விநியோகங்களும் வாரம் ஒருமுறை தாமாகவே காலி இடம் முழுவதற்கும் ட்ரிம் அனுப்புகின்றன. பழைய பார்ட்டிஷனின் மேல் தவறுதலாகப் புதிய ஒன்றை உருவாக்கிவிட்டு, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், நம் கைபடாமலேயே தரவு போய்விடக்கூடும்.

குறியாக்கம் செய்த வட்டுகளில் நிலைமை இன்னும் கடுமை. லினக்ஸின் லக்ஸ்2 முறையில் பார்ட்டிஷனின் முதல் 16 எம்பி தலைப்பகுதியாக இருப்பது வழக்கம். தரவைத் திறக்கும் உண்மையான சாவி அங்கேதான், கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு இருக்கிறது. அமைப்பு விவரத்துக்கு உள்ளேயே இரண்டாவது நகல் உண்டு; சாவி இருக்கும் பகுதிக்குக் கிடையாது. தொடக்கத்தை நகர்த்தும்போது முதலில் நகர்வதும் அதுவே. அது சிதைந்தால், மீதி முழுவதும் ஒரு செக்டர்கூடக் கெடாமல் இருந்து, கடவுச்சொல்லும் நினைவில் இருந்தாலும், எந்தக் கருவியாலும் ஒரு கோப்பைக்கூடத் திறக்க முடியாது. அப்படிப்பட்ட வட்டு உங்களுடையது என்றால், அளவை மாற்றத் தொடங்குமுன் லக்ஸ் தலைப்பகுதியின் நகலை, பிட்லாக்கர் என்றால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை, வேறொரு சாதனத்தில் சேமித்து வையுங்கள். பார்ட்டிஷன்களின் தொடக்க, நீள எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். இழக்க முடியாத கோப்புகளை வேறு வட்டுக்கு மாற்றி, அங்கிருந்து திறந்து பார்த்துவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.